நடந்து கண்டவர் வரைந்த படம்

பொன்விழா மலர்க் குழுவினர் நம்மிடம் வந்து, "சாமி, மலரின் நடுப்பக்கத்தில் நம் பங்கின் படம் ஒன்று போட வேண்டும். பங்கு ஆலயம், கிளைக் கிராமங்கள், சிற்றாலயங்கள், கல்லறைத் தோட்டம் எல்லாம் அதில் தெரிய வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நல்ல யோசனை என்று நாமும் இசைந்தோம். பங்குத்தந்தை இல்லத்து அலமாரியில், பங்கு உருவான நாட்களில் வரைந்த படமொன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தூசி தட்டி எடுத்து, ஓவியம் அறிந்த இளைஞர் ஒருவரிடம் கொடுத்து, "இதைப் பார்த்து அழகாக வரைந்து கொடுங்கள் தம்பி" என்றோம். அவரும் அவ்வாறே வரைந்து தந்தார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் எல்லாரும் காணும்படி அதைக் கோயில் வாசலில் மாட்டி வைத்தோம்.

அன்று மாலை மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஓடைக்கு அப்பால் உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர். மழையானாலும் வெயிலானாலும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். "சாமி, கோயில் வரி நோட்டுல எங்க தெரு இருக்கு. படத்துல எங்க தெரு இல்லையே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாம் படத்தை மறுபடியும் பார்த்தோம். ஓடை இருந்தது. ஓடைக்கு இப்பால் உள்ள புளியந்தோப்பு கூட இருந்தது. அப்பால் உள்ள நாற்பது வீடுகள் இல்லை. பழைய படத்திலும் இல்லை. அவை நேற்று முளைத்த வீடுகள் அல்ல. பங்கு உருவாகும் முன்பே அங்கிருந்தவை.

யாரை நோவது? பழைய படத்தை வரைந்தவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. அவரைக் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மாதந்தோறும் நற்கருணையை ஏந்தி, அதே ஓடையைக் கடந்து, நோயாளிகளைச் சந்தித்து வருகிறவர் நாமே. நம் கண்ணிலும் அக்குறை படவில்லை. காரணம் ஒன்றுதான்: நாம் ஊரைப் பார்த்துப் படம் வரையச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துப் படம் வரையச் சொன்னோம்.

இந்தப் பிழை நம்மோடு தோன்றியதன்று. உலகப் படங்களின் வரலாற்றைப் புரட்டினால், இதே பிழை பெரிய பெரிய அறிஞர்களின் கைகளிலும் நேர்ந்திருப்பதைக் காண்கிறோம். அதைத் திருத்தியவர்கள் யார், எவ்வாறு திருத்தினார்கள் என்பதும் அவ்வரலாற்றிலேயே இருக்கிறது. பொன்விழா ஆண்டில் பங்கு மக்களாகிய நாம் அதைச் சிறிது அறிந்துகொள்வது பயன்தரும் என எண்ணியே இதை எழுதுகிறோம்.

களிமண் ஓடும் கணக்கறிஞரும்

இலண்டன் மாநகரில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளங்கையளவே உள்ள ஒரு களிமண் ஓடு இருக்கிறது. பாபிலோனிய மக்கள் கீறிய உலகப்படம் அது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டளவினது எனக் கணிக்கிறார்கள். வட்டமான ஒரு நிலம், அதைச் சுற்றிலும் உப்புக் கடல், நிலத்தின் ஊடே யூப்ரடீசு ஆறு, அதன்மேல் பெரிதாகப் பாபிலோன் நகரம். பக்கத்து நாடுகளாகிய அசீரியாவும் வேறு சிலவும் சிறு வட்டங்களாகக் காணப்படுகின்றன. இன்று படிக்கக் கிடைக்கும் பெயர்களில் எகிப்து இல்லை, எருசலேமும் இல்லை. படம் வரைகிறவன் தன் ஊரைப் பெரிதாக நடுவில் வைப்பதும், பிறர் ஊரைச் சிறிதாக்குவதும் அல்லது விட்டுவிடுவதும் அன்றே தொடங்கிவிட்டன.

படம் வரைவதைக் கணக்கோடு சேர்த்தவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரத்தோஸ்தனீஸ், ஒரு நிழலைக் கொண்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கோடையின் மிக நீண்ட பகலில், நண்பகலில், தெற்கே சீயேன் என்னும் ஊரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் விழாது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நாட்டிய கோலுக்குச் சிறிது நிழல் விழும். அந்த நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் 50-இல் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவை 50 மடங்காக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும் அல்லவா? ஊர்களின் தொலைவு 5,000 ஸ்தாதியம் எனக் கொண்டு, சுற்றளவு 2,50,000 ஸ்தாதியம் என்றார். ஒரு கோலும் அதன் நிழலும் போதுமானவையாக இருந்தன!

அதே நகரில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் தாலமி. ஏறத்தாழ 8,000 இடங்களின் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்து வைத்தார். படமே இல்லாதவனும் அவ்வெண்களைக் கொண்டு படம் வரைந்துவிடலாம். அவருடைய நூலில் பாண்டியரின் மதுரை இருக்கிறது. கொற்கைத் துறை இருக்கிறது. காவிரியின் முகத்துவாரத்துப் பட்டினமும் இருக்கிறது. நம் ஊர்களின் பெயர்கள் அத்தனை தொலைவுக்கு அன்றே எட்டியிருந்தன என்பது நமக்குப் பெருமையே.

ஆனால் அந்த எண்களின்படி படம் வரைந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். தெற்கே கூம்பி இறங்கும் நம் தீபகற்பத்தைக் காணவில்லை; கரை ஏறக்குறைய கிழக்கு மேற்காகவே ஓடுகிறது. இலங்கையோ உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தோன்றுகிறது. தாலமி இங்கு வந்தவர் அல்லர். வணிகர்களும் மாலுமிகளும் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். பூமியின் சுற்றளவிலும் எரத்தோஸ்தனீசின் கணக்கை விட்டு, அதைவிடச் சிறிய 1,80,000 ஸ்தாதியம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டார். 1,300 ஆண்டுகளுக்குப் பின் கொலம்பஸ், மேற்கே சிறிது தூரம் சென்றால் ஆசியாவை அடைந்துவிடலாம் என்று நம்பியதற்கு, இவ்வாறு சுருங்கிப்போன உலகக் கணக்கும் ஒரு காரணம். பெரியவர் சொன்ன பிழைக்கு ஆயுள் அதிகம்!

ஆலயத் தரையில் ஒரு படம்

யோர்தான் நாட்டில் மதபா என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித ஜார்ஜியார் ஆலயத்தின் தரையே ஒரு படம். சிறு சிறு வண்ணக் கற்களைப் பதித்து, 6-ஆம் நூற்றாண்டில் திருநாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் அதில் தீட்டியிருக்கிறார்கள். இன்று நமக்குக் கிடைத்துள்ள திருநாட்டுப் படங்களில் மிகப் பழையது இதுவே. பழைய ஆலயம் இடிந்து, ஊரும் பாழடைந்து கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் அங்கு மீண்டும் குடியேறி, அதே இடத்தில் புதிய கோயில் எழுப்பியபோது இத்தரை வெளிச்சத்திற்கு வந்தது. இலட்சக்கணக்கான கற்களால் ஆன அப்படத்தின் ஒரு பகுதி சிதைந்துபோயினும், நடுப்பகுதி தப்பிவிட்டது.

அதில் யோர்தான் ஆற்று மீன் ஒன்று, சாக்கடலின் உப்பு நீர் பொறுக்காமல் திரும்பி நீந்துகிறது. அந்தக் கல்தச்சர் ஆற்றங்கரையில் நின்று பார்த்தவராகவே இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. எருசலேம் நகரம் முட்டை வடிவில் இருக்கிறது. வடக்கு வாயிலிலிருந்து இருபுறமும் தூண்கள் நிற்கும் ஒரு நெடுந்தெரு, அதன் நடுவே திருக்கல்லறை ஆலயம், தெற்கே அன்னை மரியாளின் புதிய பேராலயம். இத்தெருவும் பேராலயமும் படத்தில் உள்ள இடத்திலேயே இருந்தனவா என்ற கேள்விக்கு 1970-களில் விடை கிடைத்தது. எருசலேமின் பழைய நகரில் அகழ்ந்து பார்த்த ஆய்வாளர்கள், மண்ணுக்கடியில் அத்தெருவின் தூண்களையும் பேராலயத்தின் அடித்தளத்தையும் கண்டார்கள். 1,400 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் படம் பொய்க்கவில்லை.

இப்படத்தில் கிழக்குத் திசை மேலே இருக்கிறது. ஞாயிறு எழும் திசையை நோக்கி நின்று செபிக்கும் வழக்கம் கொண்டோருக்கு அதுவே முதல் திசை. வடக்கை மேலே வைப்பது இயற்கையின் விதியன்று. பிற்காலத்தில் வந்த வழக்கமே.

இங்கிலாந்து நாட்டின் எரெபோர்டு பேராலயத்தில் உள்ள உலகப்படமும் கிழக்கையே மேலே கொண்டது. ஏறத்தாழ கி.பி. 1300-இல் ஒரே கன்றின் தோலில் வரையப்பட்டது. எருசலேம் நடுவில் இருக்கிறது. ஓரங்களில், வரைந்தவருக்குத் தெரியாத நாடுகளில், விசித்திர மனிதர்கள் உலவுகிறார்கள். ஆப்பிரிக்காவில் தலையின்றி மார்பிலே முகம் கொண்டவர்கள். நம் இந்தியாவிலோ ஒற்றைக் கால்காரர். தம் பெரிய பாதத்தையே குடையாகப் பிடிக்கிறார்! நேரில் பார்த்திராத மக்களைப் பற்றி மனிதர் எவ்வளவு எளிதில் எதையும் நம்பிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிறிது வருத்தமும் வருகிறது.

கடலோடிகளும் ஒரு துறவியும்

இதே காலத்தில் கடலோடிகள் வேறொரு வகைப் படத்தை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விசித்திர மனிதர்கள் தேவைப்படவில்லை; எங்கே பாறை, எங்கே துறை என்பதே தேவை. திசைகாட்டி திசையைச் சொன்னது. மணல் கடிகாரமும் கப்பலின் வேகமும் தொலைவைச் சொல்லின. ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு எத்திசை, எத்தனை தூரம் என்று பயணத்துக்குப் பயணம் குறித்து வைத்ததைத் திரட்டி, பதப்படுத்திய தோலில் கவராயம் கொண்டு வரைந்தார்கள். ஊர்ப் பெயர்களைக் கடலில் எழுதாமல் கரைக்கு உட்புறம் எழுதினார்கள். கரைக்கோடு மறையக் கூடாதல்லவா? பெரிய துறைகள் சிவப்பு மையில், சிறியவை கறுப்பில். உள்நாட்டை அநேகமாக வெறுமையாகவே விட்டார்கள். அவ்வகையில் இன்று எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையதெனக் கருதப்படும் 'பீசா படம்' 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பாரிசு நகரத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இந்தக் கடலோடிகளின் அறிவையும் அறிஞர்களின் ஏடுகளையும் ஒரே படத்தில் கொண்டு வந்தவர் ஒரு துறவி. வெனிசு நகரை அடுத்த தீவு மடமொன்றில் வாழ்ந்த சகோதரர் மவுரோ என்பவர் அவர். ஏறத்தாழ 1450-இல் அவர் ஆக்கிய வட்டப் படம் இரண்டு மீட்டர் அகலமுடையது. ஏறத்தாழ 3,000 பெயர்களும் குறிப்புகளும் அதில் உள்ளன. அவர் உலகம் சுற்றியவர் அல்லர். ஆனால் சுற்றியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். எத்தியோப்பிய நாட்டுத் துறவிகள் தங்கள் ஆறுகளையும் ஊர்களையும் தாங்களே வரைந்து காட்ட, அதைப் பெற்றுக்கொண்டார். கண்டவர் சொல்லுக்கும் தாலமியின் நூலுக்கும் முரண்பாடு வந்தபோது, கண்டவர் பக்கம் நின்றார். அதற்கான காரணத்தையும் படத்திலேயே எழுதி வைத்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கப்பல் செல்ல முடியும் என்று அவர் வரைந்து சுமார் 40 ஆண்டுகள் கழிந்தே, 1488-இல் போர்த்துக்கீசியர் அம்முனையைச் சுற்றினார்கள்.

எருசலேமை அவர் படத்தின் நட்ட நடுவில் வைக்கவில்லை. ஒரு துறவி இவ்வாறு செய்தால் கேள்வி எழாதா? அதற்கும் அவர் விளக்கம் எழுதியிருக்கிறார். நிலத்தின் அளவைப் பார்த்தால் எருசலேம் நடுவன்று. மக்கள் எங்கே நிறைந்து வாழ்கிறார்கள் என்று பார்த்தால் அதுவே நடு என்பது அவர் கருத்து. நிலத்தை மட்டுமன்றி மனிதரையும் எண்ணிப் பார்த்த அந்தத் துறவியை நாம் வெகுவாக மதிக்கிறோம்.

செப்புத் தகட்டில் ஏறிய பிழை

அச்சுக்கலை வந்தபின் படங்கள் பெருகின. செப்புத் தகட்டில் கூரிய சிற்றுளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். அச்சில் இடம் வலமாக மாறுமாதலால், எழுத்து, கரை எல்லாவற்றையும் தகட்டில் தலைகீழ்ப் பக்கமாகவே செதுக்க வேண்டும். பின் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்தால், கீறல்களில் மட்டும் மை தங்கும். ஈரமான காகிதத்தை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பார்கள். பிறகு கையால் வண்ணம் தீட்டுவார்கள். பிழை திருத்துவது எளிதன்று. தகட்டின் பின்புறம் தட்டி மேடாக்கி, தேய்த்துச் சமமாக்கி, மீண்டும் கீற வேண்டும். ஆகவே ஒருமுறை தகட்டில் ஏறிய பிழை எளிதில் இறங்குவதில்லை. தகடுகள் ஒரு கடையிலிருந்து மறு கடைக்கு விலையாகிச் செல்லும். பிழைகளும் அவற்றோடு செல்லும்.

படங்களுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் வாழ்வைத் தொடங்கிய ஆண்ட்வெர்ப் நகரத்து ஒர்த்தேலியுஸ், 1570-இல் 53 தாள்கள் கொண்ட தேசப்படத் தொகுதியை வெளியிட்டார். அட்லஸ் என இன்று நாம் அழைக்கும் வகையில் முதல் நூல் அதுவே. அதன் முகப்பில், தாம் யார் யாருடைய படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று 87 பேரின் பெயர்களை நன்றியோடு அச்சிட்டார். பிழை காண்போர் எழுதித் தெரிவிக்கும்படியும் வாசகரை வேண்டினார். வந்த திருத்தங்களை அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்த்துக்கொண்டே போனார். பார்த்து வரைவது குற்றமன்று. பார்த்து வரைந்ததை மறைப்பதும், திருத்தத்திற்கு இடங்கொடாததுமே குற்றம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தீவாகிப்போன நாடு

பார்த்து வரைவதால் வந்த பெரும் பிழை ஒன்றை இனிச் சொல்வோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா இருக்கிறது. அதன் தென்பகுதி நீண்டதொரு தீபகற்பம். 1539-ஆம் ஆண்டிலேயே இசுபானியர் அங்கு கப்பலில் சென்று, வளைகுடாவின் வடகோடி வரை போய், அது நிலத்தோடு இணைந்தது எனக் கண்டார்கள். ஒர்த்தேலியுசும் அவ்வாறே சரியாக வரைந்திருந்தார். ஆனால் 1602-இல் தொடங்கிய மற்றொரு கடற்பயணத்தில் உடன் சென்ற கார்மேல் சபைத் துறவி ஒருவர், கலிபோர்னியா ஒரு தீவு என்று எழுதிவிட்டார். 1622 முதல் அச்சுப் படங்களில் அது தீவாகத் தோன்றத் தொடங்கியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தார்கள். ஆம்ஸ்டர்டாம், இலண்டன், பாரிசு எங்கும் கலிபோர்னியா தீவாகவே மிதந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுக்கூடங்கள் அந்தத் தீவை விற்றன. சரியாக இருந்த படம் பிழையானது என்பதுதான் இதில் வேதனை.

இப்பிழையை நடந்து திருத்தியவர் சேசு சபை மறைபரப்பாளர் யூசேபியோ கினோ அடிகளார். இத்தாலியில் திரெந்து நகரை அடுத்த சிற்றூரில் 1645-இல் பிறந்தவர். கணிதத்தில் தேர்ந்தவர். சீன நாட்டுக்குச் செல்லப் பெரிதும் ஆசைப்பட்டார். கீழ்த்திசைக்கு ஓரிடம், மெக்சிகோவுக்கு ஓரிடம் என்று வந்தபோது, அவரும் உடன் துறவி ஒருவரும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்கு மெக்சிகோ விழுந்தது. 1681-இல் அங்கு சென்று சேர்ந்தார்.

ஐரோப்பாவில் படித்த நாளில் கலிபோர்னியா ஒரு தீபகற்பம் என்றே அவர் கற்றிருந்தார். மெக்சிகோவுக்கு வந்தபின், அங்குள்ளோர் சொன்னதையும் படங்கள் காட்டியதையும் கண்டு, தம் கருத்தை மாற்றிக்கொண்டு தீவு என்றே நம்பினார். ஆம்! பிழையைத் திருத்தியவரே முதலில் அப்பிழைக்கு உட்பட்டவர்தாம்.

அவர் கண்ணைத் திறந்தவை சில நீலச் சிப்பிகள். 1699-இல், உள்நாட்டில் கீலா ஆற்றங்கரை மக்கள் அவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அத்தகைய சிப்பிகளை அவர் முன்பு கலிபோர்னியாவின் மேற்கே, பெருங்கடலின் கரையில் மட்டுமே கண்டிருந்தார். வளைகுடாவின் உட்கரையில் கண்டதில்லை. கலிபோர்னியா தீவானால், படகு வசதி இல்லாத இம்மக்களின் கைக்கு இச்சிப்பி எப்படி வந்தது? தரை வழியாகத்தானே வந்திருக்க வேண்டும்? வீடுகளில் கிடந்த சிப்பி, நாடெங்கும் விற்ற படத்தைக் கேள்வி கேட்டது.

அவர் எழுதி வாதாடுவதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே 1698-இல் ஒரு மலையேறி வளைகுடாவின் முடிவைத் தொலைவில் கண்டிருந்தார். 1701-இல் கொலராடோ ஆற்றங்கரைக்கே சென்றார். அவ்வூர் மக்கள் கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, அதன்மேல் பெரிய கூடையொன்றை வைத்து, அவரை அதில் உட்காரவைத்து, தாங்கள் நீந்தியபடியே அக்கரை சேர்த்தார்கள். 1702-இல் ஆறு கடலில் கலக்கும் இடம் வரை சென்றார். கலிபோர்னியாவுக்குத் தரைவழி உண்டு எனக் காட்டும் அவர் படம் 1705-இல் பாரிசில், சேசு சபையாரின் மறைபரப்பு மடல் தொகுதியில் அச்சாயிற்று.

அப்பொழுதும் எல்லாரும் நம்பிவிடவில்லை. 1711-இல் அடிகளார் இறந்த பின்னும் தீவு பல படங்களில் நீடித்தது. 1746-இல் அதே சபையின் கொன்சாக் அடிகளார் படகில் வளைகுடாவின் தலைப்பு வரை சென்று வந்தார். மறு ஆண்டு, கலிபோர்னியா தீவன்று என இசுபானிய மன்னர் ஆறாம் பெர்தினாந்து ஆணையாகவே அறிவித்தார். ஒரு வரி எழுதிப் பிழையாக்கிவிடலாம். அதைத் திருத்த ஓர் ஆயுள் நடை வேண்டியிருக்கிறது. கினோ அடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிசு 2020-இல் வணக்கத்துக்குரியவர் என ஏற்றுக்கொண்டார்.

வெற்றிடம் விட்டவரும் சங்கிலி பிடித்தவரும்

18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் தான்வீல் என்ற தேசப்பட அறிஞர் வாழ்ந்தார். ஊர்விட்டு ஊர் அதிகம் போகாதவர். ஆனால் சாட்சிகளை எடை போடுவதில் கைதேர்ந்தவர். 1749-இல் அவர் வெளியிட்ட ஆப்பிரிக்கப் படத்தில், முன்னோர் கற்பனையாக நிரப்பியிருந்த மலைகளையும் ஏரிகளையும் துடைத்து எடுத்துவிட்டு, உட்பகுதியின் பெரும் பரப்பை வெள்ளையாகவே விட்டுவிட்டார். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஓர் அறிஞர் வெட்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தைக் கண்டபின்தான், அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிறருக்கும் பிறந்தது.

தென்னிந்தியாவை வரைய அவருக்குத் துணையான சாட்சிகளில் ஒருவர், நம் மதுரை மறைத்தளத்தில் உழைத்த புஷே அடிகளார். ஆவூர் ஆலய வரலாற்றோடு பிணைந்த பெயர் அது. ஊர் ஊராக நடந்து மறைப்பணி செய்த அடிகளார், தாம் அறிந்த நாட்டின் அமைப்பை மடலாகவும் படமாகவும் பாரிசுக்கு எழுதி அனுப்பினார். கினோ அடிகளாரின் படம் அச்சான அதே மடல் தொகுதியில்தான் அதுவும் இடம்பெற்றது. மதுரைச் சீமையில் நடந்த கால்களும் மெக்சிகோவில் நடந்த கால்களும் ஒரே நூல்வரிசையில் சந்தித்தன.

பின்னர் அளவை நூல் முறைப்படி நம் மண்ணை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில், நம் பரங்கிமலையின் அருகே 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலியை ஏறத்தாழ 400 முறை மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அக்கோட்டின் மேல் முக்கோணம், அம்முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று நாட்டைக் கோணங்களால் பின்னிச் சென்றார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் வேறு எவரையும் நம்பாமல், கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரங்கள் உழைத்துத் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். வளைந்த கருவியோடு அளந்து, ஏதோ ஒரு கணக்கு எழுதிவிட அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

நம் படம்

இவ்வளவும் படித்தபின் நம் பங்கின் படத்தை நாம் அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியுமா? நான்கு சனிக்கிழமைகள் இளைஞர் சிலரோடு பங்கு முழுவதும் நடந்தோம். கையில் அளவு நாடா இருந்தது. இளைஞர்களிடம் கைப்பேசியும் இருந்தது. அதில் வானிலிருந்து எடுத்த படம் நன்றாகவே தெரிந்தது. ஓடைக்கு அப்பால் உள்ள கூரைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. ஆனால் அக்கூரைகளின் கீழ் யார் இருக்கிறார்கள் என்பதும், அத்தெருவை அவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பதும் அதில் இல்லை. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. நம்மைத் தேடி வந்த அம்மூதாட்டியே முன்னே நடந்து வழிகாட்டினார். தெரு முனையில் அந்தோனியார் குருசடி ஒன்று உண்டு. நாமும் பலமுறை அதன் முன் நின்று செபித்திருக்கிறோம். அதனால் அது அந்தோனியார் தெருவாம். வரி நோட்டில் இத்தனை ஆண்டுகளும் 'ஓடைத் தெரு' என்றே எழுதி வந்தோம். அதையும் திருத்திக்கொண்டோம்.

நடுப்பக்கத்தில் நீங்கள் காண்பது அவ்வாறு நடந்து வரைந்த படமே. அந்தோனியார் தெருவின் நாற்பது வீடுகளும் குருசடியும் அதில் உள்ளன. படத்தின் கீழே, பழைய படத்தை வரைந்த முதல் பங்குத்தந்தையையும், இளைஞர்களையும், வழிகாட்டிய அம்மூதாட்டியையும் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறோம். வடகிழக்கு மூலையில், புதிதாக மனைகள் போட்டு மக்கள் குடியேறிக்கொண்டிருக்கும் பகுதியை வெள்ளையாகவே விட்டிருக்கிறோம். 'இங்கு இன்னும் வீடு சந்திக்கவில்லை' என்று அதில் எழுதச் சொன்னோம். விழா மலரில் இப்படி எழுதுவது அழகாக இருக்குமா என்று குழுவினர் சிலர் தயங்கினார்கள். உண்மையாக இருக்கும் என்றோம்.

அன்புள்ள பங்கு மக்களே! படத்தை வீட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் வீடு எங்கே என்று மட்டும் பாராமல், அடுத்தவர் வீடு அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டுப்போனவர் எவரேனும் இருந்தால் பென்சிலால் குறித்து, பங்குத்தந்தை இல்லத்தில் கொடுங்கள். திருவிழா கழிந்த மறு சனிக்கிழமை, வடகிழக்கு மூலைக்கு நடக்கப் புறப்படுகிறோம். வர விரும்புவோர் காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் கூடுங்கள். வெள்ளையாக விட்ட இடத்தை அடுத்த விழா மலருக்குள் நாம் எல்லாரும் சேர்ந்து நிரப்ப இறைவன் அருள்வாராக!